கடலுக்கு நான்கு ஓரங்கள்

கடலுக்குக் கரையுண்டு, ஓரங்கள் இல்லை. கரையிலே நின்று நோக்குவோனுடைய கண், காலடி மணலிலிருந்து வானத்து முகில்வரையும், இடப்புறத்து முனையிலிருந்து வலப்புறத்துப் பாறைவரையும் தங்குதடையின்றி உலாவுகின்றது. அதே காட்சியை நிழற்படமாக்க விரும்புவோனுக்கு அந்த உரிமை கிடையாது. அவன் கையிலுள்ளது நாற்கோணமான தகடு ஒன்றே. எதனை அதனுள்ளே வைப்பது, எதனை வெளியே விடுவது, வானும் நீரும் கூடுகின்ற கோட்டை எவ்வுயரத்தில் நிறுத்துவது, எடுத்து முடிந்த படத்தில் எவ்வளவை வெட்டி நீக்குவது என்னும் வினாக்களுக்கு அவன் விடை கண்டாக வேண்டும்.

இவை தொழில் நுணுக்கம் பற்றிய வினாக்கள் போலத் தோன்றலாம். ஆழ்ந்து நோக்குமிடத்து இவை உண்மை பற்றிய வினாக்களேயாம். ஓவியன் தன் மனம்போலத் தீட்டுவான், நிழற்படமோ கண்டதைக் கண்டபடி உரைக்கும் சாட்சி என்று உலகம் நம்பியது. அச்சாட்சி தன் கூற்றிலே எவ்வளவைச் சொல்லிற்று, எவ்வளவை விழுங்கிற்று என்பதைக் கடற்கரைப் படங்களின் வரலாறு நன்கு விளக்குகின்றது. அவ்வரலாற்றின் சிறந்த அத்தியாயம் 1856ஆம் ஆண்டிலே, பிரான்சு நாட்டின் கரையோரத்தில் தொடங்குகின்றது.

குஸ்தாவ் லெ கிரே என்பவர் 1820ஆம் ஆண்டில், பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள வில்லியே லெ பெல் என்னும் ஊரிலே பிறந்தார். போல் டெலாரோஷ் என்ற புகழ்பெற்ற ஓவியரிடம் பயின்ற அவர், பின்னர் அக்காலத்தே புதிதாகத் தோன்றியிருந்த நிழற்படக் கலையில் மனத்தைச் செலுத்தினார். தாளுக்கு மெழுகூட்டித் தெளிவான நெகற்றிவ் எடுக்கும் முறை ஒன்றை 1851இல் வெளியிட்டார். பிரான்சின் பழங்கட்டடங்களைப் பதிவு செய்யும்பொருட்டு அவ்வாண்டிலே அரசு அனுப்பிய ஐவருள் அவரும் ஒருவர். சார்ள் நெக்ர், ஹென்றி லெ செக், மக்சிம் டு கான் ஆகியோர் அவரிடம் இக்கலையைக் கற்றவர்கள். நிழற்படம் வாணிகத்தின் பக்கம் சாயாமல் கலையின் பக்கம் நிற்றல் வேண்டும் என்பது அவர் எழுத்தில் வற்புறுத்திய கருத்து.

அவர் கமராவுடன் கடற்கரைக்குச் சென்ற காலத்தில் அதனைப் படம்பிடித்தல் எத்துணை அரிய செயல் என்பதை இக்காலத்தார் எளிதில் உணரமாட்டார். கண்ணாடித் தகட்டிலே கொலோடியன் என்னும் பசைநீரைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, அத்தகடு ஈரமாக இருக்கும்போதே கமராவில் வைத்துப் படம் எடுத்து, அது உலருமுன்னரே இருட்டறையிற் கழுவித் தீர்க்க வேண்டும். ஆகவே கடற்கரைக்குச் செல்வோன் கமராவோடு, கூடாரத்தையும் கண்ணாடித் தகடுகளையும் மருந்துப் புட்டிகளையும் சுமந்தே சென்றான். காற்று வீசும், மணல் பறக்கும், அலையோ ஒரு கணமும் நில்லாது.

இவற்றினும் பெரிய இடர் ஒன்று இருந்தது. அக்காலத் தகடுகள் நீலம், ஊதா ஆகிய நிறக்கதிர்களையே மிகுதியாக உணரவல்லன. வானத்தின் நீலவொளி தகட்டை விரைவில் நிறைத்துவிடும். நிலமும் நீரும் பதிவதற்கோ அதனினும் கூடுதலான நேரம் வேண்டும். கடலுக்கு ஏற்ற அளவு ஒளி விட்டால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். முகில்களைக் காப்பாற்ற எண்ணி ஒளியைக் குறைத்தால் கடல் கரிய சேறாகிவிடும். எனவேதான் அக்காலத்து நிலத்தோற்றப் படங்கள் பலவற்றில் வானம் வெளிறிக் கிடக்கின்றது. கண் ஒரே நொடியில் காணும் இரண்டையும் தகடு ஒரே நொடியிற் காண மறுத்தது.

இந்த இடரை லெ கிரே இரு வழிகளிலே வென்றார். முதலாவது வழி, ஒளியைத் தேர்ந்தெடுப்பது. 1856இல் அவர் எடுத்த 'நிலவொளியிற் கப்பல்' என்னும் படம் இதற்குச் சான்று. திரண்ட முகில்களினூடே ஒளி பிதுங்குகின்றது. அதன் கீழே நீர்ப்பரப்பிலே பளபளப்பான ஒளிப்பட்டை ஒன்று விரிகின்றது. தொலைவிலே இரு பாய்மரங்களையுடைய சிறு கப்பலொன்று தனித்து மிதக்கின்றது. பெயர்தான் நிலவொளி. படம் எடுத்தது பகலவன் ஒளியிலே. சூரியனை எதிர்நோக்கிக் கமராவை நிறுத்தியமையால் நீர் வானளவு ஒளியோடு மின்னியது. ஆதலின் ஒரே தகட்டிலே வானும் கடலும் இசைந்து பதிந்தன. ஒளியின் மிகுதியாற் படம் இரவுக் கோலம் பூண்டது. மக்கள் அதனை நிலவென்றே கொண்டனர். அப்படம் லண்டனிலே காட்சிக்கு வைக்கப்பட்டபோது பெரும் புகழ் ஈட்டியது.

இரண்டாவது வழி அதனினும் துணிவானது. மத்தியதரைக் கடலோரத்துத் துறைமுகமான செத் என்னும் ஊரிலே, 1857ஆம் ஆண்டளவில் அவர் 'பேரலை' என்னும் படத்தை ஆக்கினார். நுரைத்து வரும் அலையொன்று கரையை நோக்கிப் புரள்கின்றது. இடப்புறத்தே அலைதாங்கி கருங்கோடாகக் கிடக்கின்றது. மேலே கனத்த முகில்கள் அடுக்கடுக்காய் நிற்கின்றன. முப்பத்து நான்கு சதமமீற்றர் உயரமும் நாற்பத்தொரு சதமமீற்றர் அகலமும் கொண்ட அப்படத்தைக் கண்டோர், ஒரு கணத்திலே உறைந்த கடல் என்று வியந்தனர். உண்மையில் அஃது ஒரு கணமன்று, இரு கணங்கள். கடலுக்கு ஒரு நெகற்றிவ், வானத்துக்கு வேறொரு நெகற்றிவ். முதலில் வானப்பகுதியை மறைத்துக் கடலை அச்சிட்டு, பின்பு கடலை மறைத்து வானத்தை அச்சிட்டு, இரண்டையும் ஒரே தாளிற் பொருத்தினார்.

அவ்விரண்டும் பொருந்திய இடம் எது? அடிவானக் கோடு. அவ்விடத்தைத் தேர்ந்ததில் அவருடைய மதிநுட்பம் விளங்குகின்றது. மலைநாட்டுக் காட்சியிலே மரமும் முகடும் வானத்துட் புகுந்து நிற்கும். அங்கே இரு படங்களை ஒட்டினால் தையல் புலப்படும். திறந்த கடலிலோ இயற்கையே ஒரு நேர்கோட்டை இழுத்து வைத்திருக்கின்றது. கடலையும் வானையும் பிரிப்பதும் சேர்ப்பதும் அக்கோடே. லெ கிரே தம் வெட்டையும் ஒட்டையும் அதனுள்ளே ஒளித்துவைத்தார். ஒரே வானத் தகட்டை வெவ்வேறு கடற்படங்களுக்கு மேலே அவர் பொருத்தியமையும் உண்டு. ஒரு நாள் ஒரு கடலின்மேல் நின்ற முகில்கள், படத்திலே மற்றொரு கடலின்மேலும் நின்றன.

இது பொய்யா? இவ்வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூறல் இயலாது. கரையிலே நின்ற எவனும் வெள்ளைத் தாள் போன்ற வானத்தைக் கண்டவனல்லன். முகிலையும் அலையையும் ஒருங்கே கண்டவன். ஆகவே ஒரே தகட்டில் எடுத்த 'உண்மையான' படம், கண்ட காட்சிக்கு மாறானது. இரு தகடுகளில் ஒட்டிய 'பொய்யான' படம், கண்ட காட்சிக்கு நெருங்கியது. ஆயினும், குறித்த அந்நாளில், குறித்த அக்கரையில், அம்முகில் அங்கே நின்றதா என்று கேட்பின், நிற்கவில்லை என்பதே விடை. அனுபவத்துக்கு உண்மையாயிருத்தல் வேறு, நிகழ்ச்சிக்கு உண்மையாயிருத்தல் வேறு. இவ்வேறுபாட்டை நிழற்படக் கலை முதன்முதலில் எதிர்கொண்ட இடங்களுள் கடற்கரை ஒன்றாகும்.

இங்கிலாந்திலே இவ்விவாதம் சூடு பிடித்தது. ஒஸ்கார் றெய்லாண்டர் 1857இல், முப்பதுக்கும் மேற்பட்ட நெகற்றிவ்களை இணைத்து, வாழ்வின் இருவழிகளைக் காட்டும் ஒரே படத்தை ஆக்கினார். ஹென்றி பீச் றொபின்சன் 1869இல் வெளியிட்ட நூலிலே, ஓவியரின் அமைப்பு விதிகளை நிழற்படத்துக்கு வகுத்துரைத்து, ஒட்டு முறையையும் ஆதரித்தார். அவருக்கு மறுப்பாக எழுந்தவர் பீற்றர் ஹென்றி எமர்சன் என்னும் மருத்துவர். நாட்டின் கிழக்குக் கரைக்கு அணித்தான நோர்போக் நீர்நிலங்களையும் அங்கே நாணல் அறுத்தும் படகு செலுத்தியும் வாழ்ந்த மக்களையும் படமெடுத்து 1886இல் நூலாக்கியவர் அவர். ஒட்டுவதும் தூரிகையால் திருத்துவதும் இயற்கைக்குச் செய்யும் துரோகம் என்று 1889இல் வெளிவந்த தம் நூலிலே முழங்கினார். இரண்டாண்டு செல்லுமுன், தம் கொள்கையின் ஒரு பகுதியைத் தாமே கைவிட்டதாகக் கறுப்புக் கரையிட்ட சிறு பிரசுரம் ஒன்றால் அறிவித்தார். நிழற்படம் கலையே என்ற தம் பழைய கூற்றை அவர் அதில் மீளப்பெற்றார்.

இவ்வாதங்கள் எழுந்த காலத்தில் லெ கிரேயின் நிலை யாது? பாரிஸ் நகரில் பெரிய வீதியொன்றிலே விலையுயர்ந்த கலைக்கூடம் வைத்திருந்தார். மூன்றாம் நெப்போலியன் மன்னனின் படைப்பாசறையை 1857இல் படமெடுத்தார். ஆயினும் கலையையே பெரிதாக மதித்த அவருக்கு வாணிகம் கைகொடுக்கவில்லை. அந்திரே டிஸ்டேரி 1854இல் உரிமம் பெற்ற சிறிய, மலிவான உருவப்பட அட்டைகளை மக்கள் விரும்பி வாங்கத் தொடங்கினர். பெரிய கடற்படங்களை ஆக்கியவரின் கூடம் 1860இல் மூடப்பட்டது. அவ்வாண்டிலே மனைவி மக்களைப் பிரான்சில் விட்டு, நாவலாசிரியர் அலெக்சாந்தர் டூமாவின் பாய்க்கப்பலில் ஏறிச் சென்றார். பலெர்மோ நகரிலே கரிபால்டியையும் போரில் இடிந்த தெருக்களையும் படமெடுத்தார். பின்னர் மாலித்தாத் தீவில் டூமா அவரைக் கைவிட்டுச் சென்றார். லெபனான் வழியாக எகிப்தை அடைந்து, கெய்ரோவில் சித்திர ஆசிரியராக வாழ்ந்து, 1884ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அங்கேயே காலமானார். தம் நாட்டுக்கு அவர் திரும்பவேயில்லை.

இனி, ஓரம் வெட்டும் வழக்கத்தை நோக்குவோம். லெ கிரேயின் காலத்திலே தகட்டைத் தாளின்மேல் நேரே வைத்து வெயிலில் அச்சிட்டனர். தகடு எவ்வளவோ படமும் அவ்வளவு. அச்சான தாளின் ஓரத்தைச் சிறிது நறுக்கி அட்டையில் ஒட்டுவர். அதற்குமேல் வெட்டினால் படம் சிறுத்துவிடும். ஆதலின் காட்சியை அமைக்கும் வேலை முழுவதும் கரையிலேயே, கமராவின் பின்னே, முடிந்தாக வேண்டும். நூற்றாண்டின் இறுதியிலே கையில் ஏந்தக்கூடிய சிறு கமராக்களும் உருப்பெருக்கி அச்சிடும் முறையும் பரவியபோது நிலை மாறிற்று. நெகற்றிவின் ஒரு மூலையை மட்டும் எடுத்துப் பெருக்கிப் பெரிய படமாக்குதல் எளிதாயிற்று. அமெரிக்கரான அல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் 1893இல் நியூயோர்க் நகரத்துப் பனிப்புயலிலே எடுத்த குதிரைவண்டிப் படம், அகன்ற நெகற்றிவ் ஒன்றின் சிறு பகுதியே. கைக்கமராவால் எடுத்த தம் படங்கள் பெரும்பாலும் நெகற்றிவ்களின் சிறு கூறுகளிலிருந்து பிறந்தவை என்று அவரே எழுதியிருக்கின்றார். அமைக்கும் வேலை கரையிலிருந்து இருட்டறைக்கு இடம்பெயர்ந்தது.

கடற்படத்துக்கு இது பெரியதோர் உதவி. நீர்மட்டக் கோடு சிறிது சரிந்திருந்தாலும் கடல் ஒருபக்கம் வழிந்தோடுவது போலத் தோன்றும். ஓரத்தை வெட்டி அதனை நேராக்கலாம். மேலே வெறுமையான வானத்தைக் குறைத்தால் அலைக்கு வலிமை கூடும். கீழே வெறும் மணலைக் குறைத்தால் முகிலுக்கு வலிமை கூடும். ஒரே நெகற்றிவிலிருந்து அமைதியான கடலையும் அச்சமூட்டும் கடலையும் கத்தரிக்கோல் பிரித்தெடுக்கும். உதவி எவ்வளவோ ஆபத்தும் அவ்வளவு. பின்னால் வெட்டிக்கொள்ளலாம் என்று எண்ணுவோன், முன்னால் ஊன்றிப் பார்ப்பதை மறந்துவிடக் கூடும்.

அவ்வாறு மறவாமல் இருந்தவருள் தலையாயவர் எட்வேட் வெஸ்டன். 1886இல் பிறந்த இவ்வமெரிக்கர், கலிபோர்ணியாவிலே கார்மெல் ஊருக்குத் தெற்கேயுள்ள லோபொஸ் முனை என்னும் பாறைக் கரையை 1929 முதல் மீண்டும் மீண்டும் படமெடுத்தார். எட்டு அங்குலத்துக்குப் பத்து அங்குலம் அளவான நெகற்றிவைத் தரும் பெரிய கமராவை முக்காலியிற் சுமந்து சென்று, கறுப்புத் துணியின் கீழே தலையை நுழைத்து, மங்கற் கண்ணாடியில் தலைகீழாகத் தோன்றும் உருவத்தை நெடுநேரம் ஆராய்வார். அலை அரித்த பாறை, சைப்பிரசு மரத்தின் வேர், கரையொதுங்கிய கடற்பாசி, கூழாங்கல் ஆகியவை படத்தில் எங்கெங்கே அமைய வேண்டுமென்பதை அப்பொழுதே முடிவு செய்வார். பின்பு லெ கிரேயின் காலத்து முறைப்படி நெகற்றிவைத் தாளின்மேல் வைத்து முழுவதையும் அச்சிடுவார். வெட்டுதல் இல்லை; ஒட்டுதல் இல்லை. அவருடைய புகழ்பெற்ற லோபொஸ் படங்கள் பலவற்றில் அடிவானமே கிடையாது. கமராவைக் கீழ்நோக்கித் திருப்பிக் கரையின் சிறு துண்டு ஒன்றையே உலகமாக்கினார். 1937இல் குகன்ஹைம் உதவிநிதியைப் பெற்ற முதலாவது நிழற்படக் கலைஞர் அவரே. நடுக்குவாத நோயால் உடல் தளர்ந்த நிலையில், 1948இல் தம் இறுதிப் படத்தையும் அதே முனையில் எடுத்தார். 1958 சனவரி முதலாம் நாள் மறைந்த அவருடைய சாம்பர் அக்கரையிலேயே தூவப்பட்டது.

வெட்டாத படம் முழு உண்மையைச் சொல்லும் படமா? லோபொஸ் முனையின் வரலாறு அவ்வினாவுக்கு விடை தருகின்றது. 1850களிலே சீன மீனவர்கள் குடும்பத்தோடு அங்கே குடியேறினர். அவர்கள் கட்டிய குடிசையொன்று இன்றும் அங்கே பேணப்படுகின்றது. போர்த்துக்கேயத் திமிங்கில வேட்டைக்காரர் அங்கே தங்கினர். கருங்கல் வெட்டுவோர் கல் வெட்டினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே யப்பானியர் மூழ்கி எடுத்த அபலோனிச் சிப்பியைத் தகரத்தில் அடைக்கும் ஆலை அங்கே இயங்கிற்று. 1933இல் அந்நிலம் அரசின் பாதுகாப்புக்குள் வந்தது. வெஸ்டனின் பாறைப் படங்களைக் காண்போன், மனிதன் காலடி படாத தொல்கரை அதுவென்று எண்ணுவான். அவர் ஒரு நூலளவும் வெட்டவில்லை. ஆயினும் கமராவை எங்கே நிறுத்தினார், எத்திசையில் திருப்பினார் என்பதே பெரிய வெட்டாயிற்று. கத்தரிக்கோல் பின்னே வருவது. தெரிவு முன்னே நிகழ்வது.

தமிழர் நெய்தல் நிலத்தை வகுத்த முறை இவ்விடத்து நினைவுக்கு வருதல் இயல்பு. கடலும் கடல் சார்ந்த இடமும் என்று நிலத்தைச் சொன்னதோடு அவர்கள் அமையவில்லை. அந்நிலத்துக்குரிய பொழுது, பறவை, பூ, மீன் பிடித்தும் உப்பு விளைத்தும் வாழும் மக்கள், அவர்தம் உள்ளத்து இரங்கல் ஆகிய யாவும் சேர்ந்ததே நெய்தல் எனக் கண்டனர். அந்த அளவுகோலால் அளப்பின், மனிதரை ஓரத்துக்கு வெளியே நிறுத்திய கடற்கரைப் படம், எவ்வளவு அழகியதாயினும், நிலத்தின் ஒரு பாதியே. ஒரு பாதியைச் சொல்லுதல் குற்றமாகாது; அதனையே முழுவதெனக் காண்போன் கொள்ளுதலே பிழை.

1948இல் தோக்கியோ நகரிற் பிறந்த ஹிரோஷி சுகிமோட்டோ என்பவர், இவ்வோரங்களின் வழக்கைத் தம் வழியில் தீர்த்துக்கொண்டார். 1980இல் யமேக்காத் தீவிலிருந்து கரிபியன் கடலைப் படமெடுத்துத் தொடங்கிய அவர், உலகின் பல கடல்களையும் ஒரே அமைப்பிலே எடுத்துவந்தார். அடிவானம் படத்தின் நடுவே. மேற்பாதி வானம், கீழ்ப்பாதி நீர். கப்பல் இல்லை, பறவை இல்லை, கரை இல்லை. ஆதிமனிதன் கண்ட காட்சியை இக்காலத்து மனிதனும் காண முடியுமா என்ற வினாவே அவரை அப்பணியிற் புகுத்தியது. லெ கிரே ஒளித்துவைத்த கோட்டை, சுகிமோட்டோ படத்தின் நடுவே வெளிப்படையாக நிறுத்தினார்.

1999இல் லண்டனில் நடந்த ஏலத்தில், லெ கிரேயின் 'பேரலை'யின் பிரதியொன்று ஐந்து இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோயிற்று. ஒரு நிழற்படத்துக்கு அதுவரை எவரும் அத்துணைப் பெருந்தொகை கொடுத்ததில்லை. கெய்ரோவிலே சித்திரம் கற்பித்து மறைந்தவருக்கு அந்தப் பொன்னால் பயனொன்றும் இல்லை. அவர் விட்டுச் சென்ற படிப்பினையோ பொன்னிலும் பெரிது. ஒட்டியவர் லெ கிரே, வெட்டியவர் ஸ்டீக்லிட்ஸ், இரண்டும் செய்யாதவர் வெஸ்டன். மூவரும் கடலுக்கு நான்கு ஓரங்களை இட்டவர்களே. மூவரும் அவ்வோரங்களுக்கு அப்பால் எதையோ விட்டுச் சென்றவர்களே.

நாட்காட்டியிலும் செய்தித்தாளிலும் கடற்கரைப் படம் ஒன்றைக் காணும் நேயர்கள், அதன் அழகில் ஈடுபடுதல் வேண்டும். ஈடுபட்ட பின்பு ஓரத்தையும் நோக்குதல் வேண்டும். வள்ளத்தின் முனை மட்டும் தெரிகின்றதே, வள்ளக்காரன் எங்கே? அலை வீடுகளை நோக்கி வருகின்றதா, வெறுங்கரையை நோக்கி வருகின்றதா? வானமும் நீரும் ஒரே நாளின் ஒளியையா கொண்டிருக்கின்றன? இவ்வாறு கேட்கப் பழகிய கண்ணுக்கு, படம் காட்டுவதும் தெரியும், காட்டாது விட்டதும் தெரியும்.